காரின் உள்ளே எல்இடி ஒளியமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காருக்குள் கூடுதலாக எல்இடி விளக்குகளைப் பொருத்த விரும்புகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தையும் வெளிச்சத்தையும் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். நான் பிரித்துச் சரிசெய்த வேலைகளில் நிறத்தால் கெட்டது ஒன்றுகூட இல்லை. ஃபியூஸ் இல்லாத இணைப்பு, கூரான தகர விளிம்பில் உரசும் ஒயர், நிறத்தையும் வெளிச்சத்தையும் மாற்றுவதற்கென்று வந்து இரவெல்லாம் விழித்திருக்கும் கட்டுப்படுத்தி ஆகியவைதான் திரும்பத் திரும்பத் தென்பட்டன. அதனால் கீழே உள்ள பதில்களில் அழகைவிட ஒயருக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

விளக்குகளை எங்கெல்லாம் பொருத்தலாம்?

முதல் முறையாகச் செய்கிறவர்களுக்கு மிகவும் ஏற்ற இடம், முன் இருக்கைகளில் அமர்வோரின் கால் வைக்கும் பகுதிக்கு மேலே, டாஷ்போர்டின் அடிப்புறம். எல்இடிகள் வரிசையாகப் பதித்த பட்டை அங்கே கண்ணுக்குத் தெரியாது. அதன் ஒளி முன்கண்ணாடியில் பிரதிபலிக்காது. ஃபியூஸ் பெட்டியும் பெரும்பாலான கார்களில் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும். அடுத்தபடியாக, பின் இருக்கைக்காரர்களின் கால்களுக்கு ஒளி கிடைக்குமாறு முன் இருக்கைகளின் அடியில் பொருத்தலாம். இருக்கை முன்னும் பின்னும் நகரும் என்பதால் ஒயரை அதற்கேற்பத் தளர்வாக விட வேண்டும். தளர்ந்த ஒயர் தண்டவாளத்திற்குள் சிக்காதபடி கட்டவும் வேண்டும். நடுப்பெட்டி, கோப்பை வைக்கும் குழி, பொருள் வைக்கும் அறை ஆகியவை எளிதானவை.

கதவுகள் வேறு கதை. ஒயர் உடலிலிருந்து கதவுக்குள் போவதற்கு ரப்பர் குழாய் ஒன்று இருக்கும். அதன் வழியாகத்தான் கூடுதல் ஒயரையும் கொண்டுபோக வேண்டும். கதவிடுக்கில் வெளியே விட்ட ஒயர் சில மாதங்களில் நசுங்கி ஷார்ட் ஆகும். சில கார்களில் அந்தக் குழாய்க்குள் பல முனை இணைப்பி அடைத்துக்கொண்டு நிற்கும். அப்படியானால் கதவை விட்டுவிடுவதே நல்லது.

பட்டையின் மேல் 12 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. காரின் பேட்டரியும் 12 வோல்ட். அப்படியே இணைத்துவிடலாமா?

இணைத்தால் எரியும், எவ்வளவு காலம் எரியும் என்பதுதான் கேள்வி. முழுமையாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, எஞ்சின் நின்றிருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும், அது சுழற்றும் மின்னாக்கியான ஆல்டர்னேட்டர் அதை 13.8 முதல் 14.4 வோல்ட் வரை உயர்த்துகிறது. சில கார்களில் இன்னும் சற்று மேலே போகும். ஆகவே உங்கள் பட்டை தன் வாழ்நாளின் பெரும்பகுதியை 14 வோல்டுக்கு அருகில்தான் கழிக்கப்போகிறது.

இந்த 2 வோல்ட் வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம், ஆனால் பட்டையின் அமைப்பு அதைப் பெரிதாக்கிவிடுகிறது. வழக்கமான 12 வோல்ட் பட்டையில் மூன்று எல்இடிகளும் ஒரு மின்தடையும் வரிசையாக இணைந்து ஒரு துண்டாக இருக்கும். வெள்ளை அல்லது நீல எல்இடி ஒன்று ஏறத்தாழ 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மூன்றும் சேர்ந்து 9 வோல்டுக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டால், மீதமுள்ள 3 வோல்டுக்கும் குறைவான பகுதியே மின்தடைக்குப் போகும். மின்னழுத்தம் 14.4 ஆக உயரும்போது எல்இடிகள் எடுத்துக்கொள்ளும் பங்கு அதிகம் மாறாது. உயர்ந்த பகுதி ஏறக்குறைய முழுவதுமாக மின்தடையின் தலையில் விழுகிறது. அதன் வழியே ஓடும் மின்னோட்டம் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். வெயிலில் நின்ற காரின் உள்வெப்பமும் இதோடு சேரும்போது எல்இடி விரைவில் மங்கும், அல்லது மூன்று மூன்றாக அணைந்துபோகும். மூன்று அடுத்தடுத்த புள்ளிகள் ஒன்றாகச் செத்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. உள்ளே வரும் மின்னழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் வெளியே 12 வோல்ட் மட்டும் தரும் சிறிய கன்வெர்ட்டரை இடையில் வைப்பது சிறந்த வழி. வெறுமனே இறக்கிக் கொடுக்கும் வகை இங்கே சரிவராது. எஞ்சின் நின்றிருக்கும்போது அதற்கு வேண்டிய இடைவெளி கிடைக்காது. இரண்டாவது வழி, கார்களுக்கென்றே செய்யப்பட்ட, அதிக மின்தடை கொண்ட பட்டையை வாங்குவது. கட்டுப்படுத்தியில் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவைத்தால் சராசரி வெப்பம் குறையும் என்பது உண்மையே. ஆனால் அது ஒளியை வேகமாக அணைத்து அணைத்து எரியவிட்டுத்தான் குறைக்கிறது. எரியும் கணத்தில் ஓடும் மின்னோட்டம் குறைவதில்லை.

ஒவ்வொரு எல்இடியையும் தனித்தனியாக நிறம் மாற்றக்கூடிய பட்டைகளில் பல 5 வோல்டில் இயங்குபவை. அவற்றை நேரடியாக இணைத்தால் நொடியில் எரிந்துவிடும். அவற்றுக்கு 5 வோல்டாக இறக்கும் கன்வெர்ட்டர் கட்டாயம்.

மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது?

சாவியைத் திருப்பினால் உயிர்பெற்று, சாவியை எடுத்தால் அணையும் இணைப்பிலிருந்து எடுப்பதே பெரும்பாலானோருக்குப் போதுமானது. முதலில் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் வகையைப் பயன்படுத்தலாம். அதில் எதையும் வெட்ட வேண்டியதில்லை, பிடிக்காவிட்டால் உருவிவிடலாம்.

நிலையாகப் பொருத்துவதற்கு நான் பரிந்துரைப்பது, ஃபியூஸ் பெட்டியில் செருகும் கிளை ஃபியூஸ் தாங்கி. இருக்கும் ஃபியூஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தாங்கியைச் செருகினால், பழைய ஃபியூஸும் உங்களுடைய புதிய ஃபியூஸும் அதிலேயே அடுத்தடுத்து அமர்ந்துகொள்ளும். ஃபியூஸ்களில் பல அளவுகள் இருப்பதால், பழையதை உருவிப் பார்த்து அதே அளவுத் தாங்கியை வாங்குங்கள்.

தாங்கியைச் செருகும் திசையில் பலரும் தவறுகிறார்கள். ஃபியூஸை எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பி, இரண்டு பிளவுகளையும் மல்டிமீட்டரால் தொட்டுப் பாருங்கள். 12 வோல்ட் காட்டும் பிளவு மின்சாரம் வரும் பக்கம். தாங்கியில் இரண்டு ஃபியூஸ்களுக்கும் பொதுவான கால் அந்தப் பிளவில்தான் போக வேண்டும். மாற்றிச் செருகினாலும் விளக்கு எரியும், ஆனால் உங்கள் விளக்குகளின் மின்னோட்டமும் பழைய ஃபியூஸ் வழியாகவே போய், அது தாங்க வேண்டிய சுமையைக் கூட்டிவிடும்.

ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் கணினி, ஸ்டீரிங் உதவி ஆகியவற்றுக்கான ஃபியூஸ்களைத் தொடாதீர்கள். ஆடியோ அல்லது சார்ஜிங் துளைக்கான ஃபியூஸ் போதும்.

எதிர்முனை ஒயரைக் காரின் உடல் தகரத்தோடு சேர்க்க (இதுதான் எர்த்), வர்ணம் பூசாத தகரத்தில் இறுகிய ஒரு போல்ட்டைத் தேடுங்கள். பெயின்ட் இருந்தால் சுரண்டி, இறுக்கிய பிறகு துரு பிடிக்காமல் சற்று கிரீஸ் தடவுங்கள். ஏர்பேக் கணினியைப் பிடித்திருக்கும் போல்ட்டில் எர்த் கொடுக்காதீர்கள்.

எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் போட வேண்டும்?

ஃபியூஸ் காப்பது விளக்கை அன்று, ஒயரை. இது மனத்தில் பதிந்துவிட்டால் மற்றவை எளிது. ஒரு மீட்டரில் 60 எல்இடிகள் கொண்ட, பரவலாகக் கிடைக்கும் 5050 வகைப் பட்டை (இந்த எண் எல்இடியின் அளவைக் குறிக்கும்) முழு வெளிச்சத்தில் மீட்டருக்கு ஏறத்தாழ 14.4 வாட் எடுக்கும். அதாவது 12 வோல்டில் 1.2 ஆம்பியர். சிறிய 3528 வகை அதில் மூன்றில் ஒரு பங்குதான் எடுக்கும். நான்கு கால்பகுதிகளுக்கும் சேர்த்துப் பெரும்பாலும் ஒன்றரை மீட்டருக்குமேல் தேவைப்படாது. எனவே மொத்தம் 2 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். அதற்கு ஊதா நிற 3 ஆம்பியர் ஃபியூஸ் சரியாக இருக்கும். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இந்த மின்னோட்டத்தைச் சூடேறாமல் தாங்கும்.

பெட்டியோடு வந்திருக்கிறதே என்று 15 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டால், மெல்லிய ஒயர் ஷார்ட் ஆகும்போது ஃபியூஸ் பேசாமலிருக்கும். ஒயரின் உறைதான் உருகும். ஃபியூஸை விளக்கின் பக்கத்திலும் வைக்கக்கூடாது. மின்சாரம் எடுக்கும் இடத்திலிருந்து ஒரு சாண் தூரத்திற்குள் இருக்க வேண்டும்; அதற்கு முன்னாலுள்ள ஒயருக்கு அதனால் எந்தக் காப்பும் இல்லை.

ஓபிடி சாக்கெட்டில் எப்போதும் 12 வோல்ட் இருக்கிறதே, அதில் எடுத்தால் என்ன?

எடுக்காதீர்கள். அது காரின் கணினிகளோடு பேசுவதற்கான வாசல். அங்கே நேரும் ஒரு ஷார்ட், விளக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாத கோளாறுகளை டாஷ்போர்டில் காட்டத் தொடங்கும்.

கதவைத் திறந்ததும் எரிந்து, மூடியதும் மெல்ல அணைய வேண்டும். முடியுமா?

முடியும், ஆனால் உங்கள் காரின் கூரை விளக்கு எப்படி இயங்குகிறது என்று முதலில் அறிய வேண்டும். பழைய கார்கள் பலவற்றில் கூரை விளக்குக்கு நேர்முனை எப்போதும் வந்துகொண்டிருக்கும். கதவிலுள்ள சுவிட்ச் எதிர்முனையை எர்த்தோடு சேர்த்து விளக்கை எரிய வைக்கும். இத்தகைய காரில் பட்டையின் எதிர்முனையை வழக்கப்படி உடல் தகரத்தில் கொடுத்துவிட்டால் விளக்கு அணையவே அணையாது. அதைக் கதவு சுவிட்சுக்குப் போகும் ஒயரோடுதான் சேர்க்க வேண்டும்.

புதிய கார்களில் உட்புற விளக்குகளை ஒரு கணினி இயக்குகிறது. மெல்ல அணைவது போன்ற தோற்றத்தை அது மின்சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுப்பதன் மூலம் உண்டாக்குகிறது. வெறும் ஒற்றை நிறப் பட்டை அதோடு சேர்ந்து அழகாக மங்கும். நிறம் மாற்றும் கட்டுப்படுத்தியை அதே ஒயரில் இணைத்தால், வெட்டுப்பட்ட மின்சாரத்தில் அது தடுமாறி மின்னும் அல்லது ஒவ்வொரு முறையும் முதல் நிறத்திற்கே திரும்பும். மேலும், கணினியின் அந்த வாசல் சில வாட் பல்புகளுக்காக அமைக்கப்பட்டது. சுமை கூடினால் சில கார்களில் கணினி அந்த இணைப்பையே துண்டித்துவிடும். அதனால் கூரை விளக்கின் ஒயரைச் சைகைக்கு மட்டும் பயன்படுத்தி, ஒரு ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாகத் தனி ஃபியூஸிலிருந்து மின்சாரம் கொடுப்பதே பாதுகாப்பு. ரிலேயின் சுருளுக்குக் குறுக்கே டயோடு இருக்க வேண்டும்; அணையும் கணத்தில் சுருள் எழுப்பும் மின்துள்ளலை அது விழுங்கிக்கொள்ளும். இம்முறையில் மெல்ல மங்கும் அழகு போய்விடும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பேட்டரி இறங்கிவிடுமா?

விளக்கு எரிவதால் இறங்குவதைவிட, அணைந்திருக்கும்போது இறங்குவதே அதிகம் கவனிக்கப்படாமல் போகிறது. ரிமோட் அல்லது புளூடூத் கட்டுப்படுத்தி, விளக்கு அணைந்திருந்தாலும் கட்டளைக்காகக் காத்துக்கொண்டிருக்கும். அது 20 மில்லியாம்பியர் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு ஏறத்தாழ அரை ஆம்பியர்-மணி. முப்பது நாளில் 14.4 ஆம்பியர்-மணி. சிறிய கார்களில் இருக்கும் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் இது ஐந்தில் இரண்டு பங்கு. காரே தன் பங்குக்கு எடுக்கும் மின்னோட்டத்தையும் இதோடு கூட்டிப் பாருங்கள். தினமும் ஓடும் காருக்கு இது ஒரு பொருட்டில்லை. வாரக்கணக்கில் நிற்கும் காரில், கட்டுப்படுத்தியை எப்போதும் மின்சாரம் வரும் இணைப்பில் வைக்கவே கூடாது.

உண்மையில் எவ்வளவு எடுக்கிறது என்று அறிய, மல்டிமீட்டரை மில்லியாம்பியர் அளவில் வைத்து, உங்கள் புதிய ஃபியூஸ் இருந்த இடத்தில் இரண்டு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். விளக்கை முதலில் அணைத்துவிடுங்கள். எரிந்துகொண்டிருந்தால் மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும்.

ஏர்பேக் இருக்கும் இடங்களில் ஒயர் கொண்டுபோகலாமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் சுருக்கமான பதிலும் நீண்ட பதிலும் ஒன்றே: கொண்டுபோகக்கூடாது. ஏர்பேக் சில பத்து மில்லிநொடிகளில் விரிந்து முடிகிறது. அதன் வழியில் குறுக்கே ஒட்டிய பட்டையோ, பிளாஸ்டிக் தாங்கியோ, இறுகக் கட்டிய ஒயரோ விரியும் திசையை மாற்றலாம், அல்லது தானே முகத்தை நோக்கிப் பறந்துவரலாம்.

ஸ்டீரிங்கிலும் பயணியின் முன்னாலும் ஏர்பேக் இருப்பது எல்லோருக்கும் தெரியும். மறந்துபோவது மற்றவற்றைத்தான். முன்கண்ணாடியின் இரு ஓரத் தூண்களின் உறைக்குள்ளும் கூரை ஓரத்திலும் திரை ஏர்பேக் சுருட்டிவைக்கப்பட்டிருக்கலாம். இருக்கையின் முதுகுப்பகுதியில் கதவோரம் பக்க ஏர்பேக் இருக்கலாம். சில கார்களில் ஓட்டுநரின் முழங்காலுக்கு எதிரே, அதாவது நான் மேலே சிபாரிசு செய்த கால்பகுதிக்குச் சற்று மேலேயே, ஒரு ஏர்பேக் உண்டு. உறைகளில் ஏர்பேக் அல்லது எஸ்ஆர்எஸ் என்று பொறித்த எழுத்துகளைத் தேடுங்கள்; காரோடு வந்த கையேட்டில் படமும் இருக்கும்.

ஏர்பேக் ஒயர்களும் இணைப்பிகளும் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். மஞ்சள் இணைப்பியைக் கழற்றாதீர்கள், மல்டிமீட்டரால் சோதிக்காதீர்கள், அதிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள். மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமே ஏர்பேக்கைத் தூண்டக்கூடும் என்பதால்தான் தயாரிப்பாளர்கள் அதைத் தடைசெய்கிறார்கள். இருக்கையின் அடியிலும் மஞ்சள் இணைப்பி இருக்கும். சாவி திரும்பியிருக்கும்போது அதைக் கழற்றினால் எச்சரிக்கை விளக்கு எரியும், மீண்டும் செருகினாலும் தானாக அணையாமல் போகலாம். உறைகளைக் கழற்றும் முன் பேட்டரியின் எதிர்முனையை எடுத்துவிட்டு, கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருங்கள். ஏர்பேக் கணினி தன்னிடம் சேமித்த மின்சாரத்தை இழக்க அந்த அவகாசம் வேண்டும்.

எந்த நிறம் நல்லது? எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

நிறுத்திய காரில் உங்களுக்குப் பிடித்த நிறம் எதுவும் நல்லதுதான். ஓட்டும்போது விதி மாறுகிறது. இரவுப் பார்வைக்கு உதவும் கோல் செல்கள் ஏறத்தாழ 500 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலப்பச்சை ஒளிக்கே அதிகம் கூசுகின்றன; ஆழ்ந்த சிவப்பை அவை ஏறக்குறைய உணர்வதே இல்லை. கண் முழுமையாக இருளுக்குப் பழக இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். ஒரு பளிச்சென்ற நீல விளக்கு அதை ஒரு கணத்தில் கலைத்துவிடும். நீல ஒளி விழித்திரைக்குச் சற்று முன்னாலேயே குவிவதால் நீல விளக்கின் விளிம்புகள் இரவில் கலங்கலாகவும் தெரிகின்றன. வயதாகும்போது கண்ணின் வில்லையில் அது மேலும் சிதறுகிறது. கடைகளில் அதிகம் விற்பது நீலம்தான் என்பது வேடிக்கை.

அப்படியானால் சிவப்பா? சிவப்பு கண்ணைக் கெடுக்காது. ஆனால் டாஷ்போர்டின் அபாய விளக்குகளும் சிவப்பு என்பதால், சுற்றிலும் சிவந்திருக்கும் அறையில் அவை எடுபடாது. என் தேர்வு செம்மஞ்சள். பிஎம்டபிள்யூ கார்களின் டாஷ்போர்டு நெடுங்காலம் செம்மஞ்சளாக ஒளிர்ந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் இதை எளிதில் ஏற்பார்கள். வெள்ளை வேண்டுமானால் மஞ்சள் சாய்ந்த வெள்ளையை எடுங்கள். ஆர்ஜிபி பட்டையில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களையும் கூட்டி உண்டாக்கும் வெள்ளையில் மனிதர்களின் முகம் நோயாளிபோல் தெரியும். வெள்ளைக்குத் தனி எல்இடி கொண்ட பட்டை இருந்தால் அதுவே மேல்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, பொருத்திய அன்று போதவில்லை என்று தோன்றுவதே சரியான அளவு. தெருவிளக்கில்லாத இடத்தில் காரை நிறுத்தி, பத்து நிமிடம் உட்கார்ந்து, பிறகு முன்கண்ணாடியையும் பக்கக் கண்ணாடிகளையும் பாருங்கள். கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும்; சாய்ந்து விழும்போது இன்னும் அதிகம். முன்கண்ணாடியோ நன்றாகச் சாய்ந்திருப்பது. பட்டையின் பிம்பம் அதில் கோடாகத் தெரிந்தால் பட்டையை நகர்த்துங்கள், அல்லது வெளிச்சத்தைக் குறையுங்கள்.

புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் ஒரே கோடாக ஒளிர்கிறதே?

அங்கே நீங்கள் பார்ப்பது எல்இடியை அன்று. ஒரு முனையில் ஒற்றை எல்இடி இருக்கும். அதன் ஒளி தெளிந்த பிளாஸ்டிக் இழை ஒன்றின் வழியே ஓடி, நெடுகப் பக்கவாட்டில் கசியும். இத்தகைய இழைகள் தனியாகவும் கிடைக்கின்றன. டாஷ்போர்டின் இரு பகுதிகள் சேரும் இடுக்கில் அவற்றின் விளிம்பைச் செருகினால் போதும், துளையிட வேண்டியதில்லை. மூன்று மீட்டருக்கு மேல் நீண்டால் மறுமுனை மங்கும், அப்போது இரு முனைகளிலும் எல்இடி வைக்க வேண்டும்.

பட்டையையே பயன்படுத்துவதென்றால், ஒளி நேராகக் கண்ணுக்கு வராமல் எதன்மீதாவது பட்டுத் திரும்பும்படி வையுங்கள். சொரசொரப்பான தரைவிரிப்பில் பட்ட ஒளியில் புள்ளிகள் மறைந்துவிடும். பளபளப்பான கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒவ்வொரு புள்ளியும் எண்ணக்கூடியதாகத் தெரியும்.

ஒட்டிய பட்டை சில வாரங்களில் கழன்று தொங்குகிறது. என்ன செய்வது?

வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் காற்று 60 பாகை செல்சியஸைத் தொடலாம். டாஷ்போர்டின் மேற்பரப்பு அதற்கும் மேலே போகும். பட்டையோடு வரும் ஒட்டுநாடா அந்த வெப்பத்தில் இளகிவிடுகிறது. மேலும், காரின் உட்புறப் பிளாஸ்டிக்கில் பெரும்பகுதி பாலிபுரொப்பிலீன் வகை. அதில் எந்தப் பசையும் எளிதில் பிடிக்காது. அதற்கென்று விற்கும் அடிப்பூச்சு ஒன்றைத் தடவிய பிறகு, 3எம் விஎச்பி போன்ற நுரைநாடாவால் ஒட்டினால் நிற்கும். அதற்கு முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும், ஏனெனில் பளபளப்புக்காகப் பூசிய சிலிக்கோன் எண்ணெய் எந்த நாடாவையும் தோற்கடித்துவிடும். நாடா முழு வலிமை பெற மூன்று நாள் ஆகும். ஒட்டிய அன்றே இழுத்துப் பார்க்காதீர்கள்.

எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் ஒட்டுவதற்குப் பதிலாகக் கட்டுங்கள். டாஷ்போர்டின் அடியில் ஏதாவதொரு உலோகச் சட்டம் இருக்கும். பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகள் அதில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். பிரேக் மிதியின் மேலே ஒரு பட்டை கழன்று தொங்குவது அழகுப் பிரச்சினை மட்டுமன்று என்பதால் ஓட்டுநர் பக்கத்தில் பசையை மட்டும் நம்பவே கூடாது.

பட்டையின் கடைசியில் வெள்ளை சிவந்துபோகிறது. பட்டை கெட்டுவிட்டதா?

இல்லை. பட்டையில் ஓடும் செம்புத் தகடு மிக மெல்லியது. நீளம் கூடக்கூட மின்னழுத்தம் குறைகிறது. நீலமும் பச்சையும் எரிய அதிக வோல்ட் தேவை, சிவப்புக்குக் குறைவே போதும். அதனால் மின்னழுத்தம் குறைந்த இடத்தில் சிவப்பு மட்டும் முன்னே வந்து நிற்கிறது. மறுமுனைக்கும் தனி ஒயர் கொடுத்தால் சரியாகிவிடும்.

சாலிடர் செய்வதா, கிரிம்ப் செய்வதா?

பட்டையின் முனையில் சாலிடர், அதாவது உலோகத்தை உருக்கிப் பற்றவைப்பது. மற்ற இடங்களில் கிரிம்ப், அதாவது உலோக முனையை ஒயரின்மேல் நசுக்கிப் பிடிக்கவைப்பது. சாலிடர் ஒயரின் இழைகளுக்குள் ஏறி, அந்த இடத்தை விறைப்பாக்கிவிடும். அதிர்வு ஓயாத வண்டியில் விறைப்பு முடியும் புள்ளியிலேயே ஒயர் முறியும். எனவே சாலிடர் செய்த இடத்தை வெப்பத்தில் சுருங்கும் குழாயால் மூடி, சற்றுத் தள்ளி ஒயரைக் கட்டிவிடுங்கள். ஒயரின் உறையைக் கடித்துப் பிடிக்கும் நீலப் பிளாஸ்டிக் கிளிப்புகளை நான் பயன்படுத்துவதில்லை. இன்று பிடிக்கும், ஓராண்டு கழித்துத் துரு பிடித்து விட்டு விட்டு எரியும்.

பிவிசி நாடா வெப்பத்தில் பிசுபிசுத்து அவிழும். கார் ஒயர்களுக்கென்று இருக்கும் துணிநாடா அவிழாது, ஒயர் பிளாஸ்டிக்கில் இடித்துக் கடகடக்கும் ஓசையையும் அடக்கும். பட்டையின் வெட்டுமுனையை மூடச் சிலிக்கோன் பயன்படுத்தினால் வினிகர் வாடை வராத வகையைத் தேர்ந்தெடுங்கள். அந்த வாடை அசிட்டிக் அமிலத்துடையது, செம்பை அரிக்கும்.

கூரை விளக்கின் பல்பை எல்இடியாக மாற்றினேன். அணைத்த பிறகும் மங்கலாக ஒளிர்கிறது. ஏன்?

பல்பு இருக்கிறதா என்று சோதிக்கக் காரின் கணினி அனுப்பும் சிறு மின்னோட்டம் பழைய இழைப் பல்பை எரிய வைக்கப் போதாது, எல்இடிக்குப் போதும். கேன்பஸுக்கு (காரின் கணினிகளை இணைக்கும் வலையமைப்பு) ஏற்றது என்று குறிப்பிட்ட பல்புகளில் அதற்கான மின்தடை உள்ளேயே இருக்கும். புதிய பல்பு எரியவே இல்லையென்றால், திருப்பிச் செருகிப் பாருங்கள். இழைப் பல்புக்குத் திசை கிடையாது, எல்இடிக்கு உண்டு.

விளக்கைப் போட்டதும் ரேடியோவில் இரைச்சல் வருகிறது.

கட்டுப்படுத்தியோ கன்வெர்ட்டரோ நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டும்போது, நீண்ட ஒயர் ஆண்டெனாவாகிவிடுகிறது. கட்டுப்படுத்தியை ஆண்டெனா ஒயரிலிருந்து விலக்கி, நேர்முனை எதிர்முனை ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்கி, கட்டுப்படுத்தியின் அருகே இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் ஒன்றைப் பொருத்துங்கள். இரைச்சல் அதன் பிறகும் நீடித்தால் கட்டுப்படுத்தியை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

இசைக்கேற்ப ஆடும் விளக்கு, சட்டம், போலீஸ்: இவற்றில் எதற்குக் கவனம் வேண்டும்?

விளக்கு ஆடுவது நிறுத்திய காரில் மட்டும் இருக்கட்டும். கண்ணின் ஓரத்தில் அசைவது எதுவாக இருந்தாலும் பார்வை தானாக அங்கே திரும்பும். அதைப் பழக்கத்தால் வெல்ல முடியாது.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறுபட்டாலும், உள்ளே எரிவதைவிட வெளியே தெரிவதைப் பற்றியே அது பெரும்பாலும் கவலைப்படுகிறது. 1968 ஆம் ஆண்டு வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி வண்டியின் முன்புறம் சிவப்பு ஒளி தெரியக்கூடாது. வண்டி பின்னோக்கிச் செல்லும்போது எரியும் விளக்கு போன்ற சில விலக்குகள் தவிர, பின்புறம் வெள்ளை தெரியக்கூடாது. மின்னும் நீலமும் சிவப்பும் பல நாடுகளில் அவசரகால வண்டிகளுக்கு உரியவை. பட்டையைக் கண்ணாடியின் கீழ்விளிம்புக்குக் கீழேயே வைத்து, வெளியே நின்று பார்க்கும்போது ஒளிமூலம் தெரியாதபடி செய்துவிட்டால் இவற்றில் பெரும்பாலானவை எழவே எழா. உங்கள் நாட்டின் விதியையும் காப்பீட்டு நிறுவனத்தின் நிபந்தனையையும் ஒயரைத் தொடும் முன் படித்துவிடுங்கள்.

மின்சாரக் காரிலும் இதே முறைதானா?

விளக்குகளுக்கான மின்சாரம் பெரும்பாலான மின்சாரக் கார்களிலும் தனி 12 வோல்ட் பேட்டரியிலிருந்தே வருகிறது, முறை ஒன்றுதான். ஆரஞ்சு நிற உறையுள்ள கேபிள் எங்கே தென்பட்டாலும் கையை எடுத்துவிடுங்கள். அதில் ஓடுவது சில நூறு வோல்ட்.

பின்னாளில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா?

காரின் சொந்த ஒயர் எதையும் வெட்டாமல், கிளை ஃபியூஸ் தாங்கியையும் ஏற்கெனவே இருந்த எர்த் போல்ட்டையும் மட்டும் பயன்படுத்தியிருந்தால் அரை மணி நேர வேலை. ஒட்டிய பட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள். மென்மையான உறைகளில் மேல்தோல் உரிந்து வந்துவிடும். முடி உலர்த்தியால் மிதமாகச் சூடாக்கி, தூண்டில் நரம்பை நாடாவுக்குப் பின்னால் விட்டு, ரம்பம்போல் முன்னும் பின்னும் இழுத்தால் அது பிரிந்து வரும். மீதமுள்ள பசையை விரலால் உருட்டி எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். அதை முதலில் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் தடவிப் பார்த்துவிடுங்கள். சில பிளாஸ்டிக்குகள் வெளுத்துப்போகும்.